டேங்க் என்ற சொல்லும் தொண்டை மண்டலத்து ஏரிகளும்

(படப்பையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எல்லோர் வாயிலும் புழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் பொருளையும் பிறப்பையும் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் இப்படிக் கேட்டால் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று தொடங்குவது வழக்கம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் அவை. கேட்பவர்களுக்குப் பெருமையாக இருக்கும். நான் எடுத்துக்கொண்ட சொல் தமிழிலிருந்து போகவில்லை. ஆனாலும் இந்த ஊரின் நிலத்தோடும் நீரோடும் அந்த மூன்றைவிட நெருங்கிய தொடர்பு உள்ளது. 'டேங்க்' என்பதே அந்தச் சொல்.

டேங்க் என்றதும் இன்று நம் கண்ணில் நிற்பவை மொட்டைமாடியில் கறுப்பு சின்டெக்ஸ், இரு சக்கர வண்டியின் பெட்ரோல் டேங்க், வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க், கோடையில் தெருமுனைக்கு வரும் டேங்கர் லாரி. எல்லாமே சுற்றிலும் அடைத்த கொள்கலங்கள். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியார் செங்கல்பட்டுச் சீமையைக் கையில் எடுத்தபோது, அவர்களுடைய கணக்குகளில் இந்தச் சொல் செம்பரம்பாக்கம் ஏரியையும் மதுராந்தகம் ஏரியையும் மணிமங்கலம் ஏரியையும் குறித்தது. இன்றும் அரசின் ஆங்கிலக் கோப்புகளில் நம் ஏரிகள் அத்தனையும் டேங்க்தான். ஒரே சொல் எப்படி செம்பரம்பாக்கத்தையும் சின்டெக்ஸையும் குறிக்க வந்தது?

இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களைத் திரட்டி 1886-இல் ஓர் அகராதி வந்தது. 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று பெயர். தொகுத்தவர்கள் இருவர்: ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல். பர்னெல் நம் மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். அகராதி அச்சேறும் முன்பே, 1882-இல், இறந்துபோனார். டேங்க் என்ற சொல்லுக்கு வரும்போது இந்த அகராதி சற்றுத் தயங்கி நிற்கிறது. சொல்லுக்கு இரண்டு பிறப்பு இருப்பதுபோல் தெரிகிறது, ஒன்று இந்தியாவில், இன்னொன்று ஐரோப்பாவில் என்கிறது.

ஐரோப்பியப் பிறப்பு போர்ச்சுகீசியத்தில். 'டாங்க்கே' என்றால் அவர்களுக்குக் குளம், நீர்த்தொட்டி. ஓடும் நீரை நிறுத்துவது என்ற பொருளுள்ள 'எஸ்தாங்கார்' என்ற வினையோடு சேர்ந்த சொல் அது. வாஸ்கோ ட காமாவின் முதல் பயணத்தை எழுதிவைத்த குறிப்பேட்டில், 1498-இல் கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு, அதன் கீழே வெட்டுக்கல்லால் கட்டிய பெரிய குளத்தை அந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். இந்தியக் கரையில் இறங்கிய சில நாட்களுக்குள் உள்ளூர்ச் சொல்லைக் கற்று எழுதியிருக்க முடியாது. ஆகவே சொல் அவர்களோடு கப்பலில் வந்தது என்பது யூலின் வாதம்.

இந்தியப் பிறப்பு குஜராத்தில். அங்கே 'டாங்கா' என்றால் வீட்டு முற்றத்துக்கு அடியில் கட்டிய மூடிய மழைநீர்த் தொட்டி. மொட்டைமாடியில் விழும் மழையை அதற்குள் இறக்கி, ஆண்டு முழுக்கக் குடிக்க வைத்துக்கொள்வார்கள். ராஜஸ்தானத்திலும் இதே பெயர் உண்டு. ஆங்கிலேயர் இந்தியாவில் தொடக்கத்திலேயே கடை போட்டு உட்கார்ந்த இடங்களில் ஒன்று சூரத். போர்ச்சுகீசியர் வாயில் ஒரு டாங்க்கே, குஜராத்தியர் வாயில் ஒரு டாங்கா. இரண்டும் காதில் விழ, 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு டேங்க் கிடைத்தது. எது தாய், எது வளர்ப்புத் தாய் என்று இன்றுவரை அறிஞர்கள் முடிவாகச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தின என்று கொள்வதே எனக்கும் சரியாகப் படுகிறது.

இந்த இடத்தில் ஓர் ஆசை எழும். நம்மிடம் 'தாங்கல்' இருக்கிறதே! வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று தொண்டை மண்டலத்தில் ஊர்ப்பெயர்கள் இருக்கின்றனவே, டேங்க் என்பதே தாங்கல் அல்லவா என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தாங்கல் நல்ல தமிழ்ச் சொல். தாங்கு என்ற வினையிலிருந்து வந்தது. வரும் நீரைத் தாங்கி நிறுத்தும் சிறிய ஏரி. ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. ஆங்கிலேயர் சோழமண்டலக் கரையில் வேரூன்றும் முன்பே சூரத்தில் அந்தச் சொல் அவர்கள் பேச்சில் இருந்தது. தாங்கலுக்கு ஆங்கிலத்தின் தாயாக இருக்கும் பெருமை தேவையில்லை. அது தன் அளவிலேயே அழகான சொல்.

சூரத்தில் பிடித்த சொல்லோடு ஆங்கிலேயர் மதராசுக்கு வந்தார்கள். 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமை ஜாகீராகக் கம்பெனிக்குக் கிடைத்தது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அந்தச் சீமையின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். ஊருக்கு ஊர் ஏரி. குஜராத்து வீட்டு முற்றத்துத் தொட்டிக்கும் மயிலாப்பூர்க் கோயில் குளத்துக்கும் எந்தச் சொல்லைச் சொன்னார்களோ அதே சொல்லை, கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாத ஏரிகளுக்கும் சூட்டினார்கள்.

ஏரி என்பது என்ன என்று இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. கரையில் நடந்தவர்கள் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரிக்கு நாலு பக்கமும் கரை கிடையாது. தொண்டை மண்டலத்து நிலம் மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சாய்ந்து இறங்குகிறது. அந்தச் சரிவில், இறக்கத்தின் பக்கம் மட்டும் பிறைபோல ஒரு மண்கரை போடுவார்கள். மேட்டுப் பக்கம் திறந்து கிடக்கும். மழை பெய்தால் மேட்டிலிருந்து, புல்வெளியிலிருந்து, குன்றின் அடியிலிருந்து, மேலே உள்ள ஊரின் வயலிலிருந்து தண்ணீர் அந்தத் திறந்த பக்கம் வழியாக வரும். கரை இல்லாத அந்தப் பக்கம்தான் ஏரிக்கு உயிர். அதை அடைத்தால் ஏரி செத்துப்போகும்.

கரையில் மதகுகள் இருக்கும். பழைய மதகு எப்படி இருந்தது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். கரையை ஒட்டி உள்பக்கம் நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்குக் குறுக்கே கற்சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்தின் நடுவிலும் ஒரு துளை. துளைகள் வழியாக ஒரு நீண்ட மரக்கோல் இறங்கும். கோலின் நுனியில் கூம்பு போன்ற அடைப்பு. தரையில் பதித்த கற்பலகையின் ஓட்டையில் அது போய் உட்காரும். கோலைத் தூக்கினால் தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கி, கரைக்கு அடியில் செல்லும் தூம்பு வழியாக வயல் வாய்க்காலுக்குப் போகும். எத்தனை விரற்கடை தூக்க வேண்டும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது நீர்க்கட்டிக்குத் தெரியும். ஊர் அவருக்கு நெல் அளந்தது. கரையின் ஓரத்தில், மதகைவிட உயரத்தில், கலங்கல் இருக்கும். ஏரி நிரம்பினால் அதன் வழியாகத் தண்ணீர் வழிந்து போகும். 'ஏரி கோடி போகுது' என்று ஊரே திரண்டு பார்க்கப் போகும். கோடி போன தண்ணீர் வீணாகாது. அது கீழே இருக்கும் அடுத்த ஏரியின் வரத்து.

ஆகவே எந்த ஏரியும் தனி ஏரி இல்லை. ஒன்றின் கலங்கல் இன்னொன்றின் தொடக்கம். ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர், படப்பை என்று இந்த வட்டாரத்து ஏரிகள் வழிந்து வழிந்து சேர்ந்துதான் அடையாறு உண்டாகிறது. சென்னையில் திரு.வி.க. பாலத்தின் மேலே போகிறவர்கள் கீழே பார்க்கும் ஆறு, நம் ஊர்க் கலங்கல்களில் வழிந்த தண்ணீர். அங்கே அகலமாக விரிந்து கடலைத் தொடும் நீருக்கு மூலம் இங்கே வயல் நடுவில் ஓடும் ஓடைகள்.

இதையெல்லாம் ஒரே சொல்லில் சொல்லத் தமிழர்கள் முயலவில்லை. வடக்கே ஏரி, தாங்கல். மதுரைப் பக்கம் கண்மாய். இராமநாதபுரத்தில் ஏந்தல், குடிநீருக்கு என்றே ஊருணி. திருநெல்வேலியிலும் ஈழத்திலும் பாசன ஏரியையே குளம் என்கிறார்கள். கிளிநொச்சியின் இரணைமடுவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குளம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு அடங்கும் என்று. ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பார்கள். பெயரிலேயே அளவும் மடைக்கணக்கும் வந்துவிடுகின்றன.

கூரம் செப்பேட்டைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம். அங்கே கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் பல்லவன் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற களங்களின் பட்டியலில் மணிமங்கலம் இருக்கிறது. இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் நம் மணிமங்கலம். அதே செப்பேடு பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரும்பிடுகு கால்வாயையும் பேசுகிறது. அரசனின் வெற்றியும் ஏரிக்கு வரும் வரத்துக்காலும் ஒரே செப்பேட்டில் இடம் பெற்ற காலம் அது. ஏரியைச் சொன்னவர்கள் அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

அறக்கட்டளை மேடை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ் பெற்றவை. அங்கே தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், ஆறு பேர். வாரியத்துக்கு வருமானம் வேண்டும் அல்லவா? ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் விட்டார்கள். அந்த நிலத்தின் விளைச்சல் ஏரியின் பராமரிப்புக்கே. தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில், ஏரியில் தூர் எடுக்கும் ஓடத்துக்கு என்று நிவந்தம் வைத்தவர்கள் உண்டு. ஏரிக்கு அறக்கட்டளை வைப்பது இந்த மண்ணின் பழைய வழக்கம்.

ஆங்கிலேயர் எல்லோரும் ஏரியைத் தொட்டியாகத்தான் பார்த்தார்கள் என்று சொன்னால் அது நியாயமாகாது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரையைக் காக்கப் பட்ட பாடு ஏரிகாத்த ராமர் கதையாக இன்றும் வழங்குகிறது. கோயிலில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது. 1883-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் ஏரி ஏரியாக நடந்து, எந்த ஏரிக்கு எங்கிருந்து வரத்து, மேலே எத்தனை ஏரி, கலங்கலின் மட்டம் என்ன என்று எழுதிவைத்த குறிப்பேடுகளை இன்றும் பொறியாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். பொறியாளருக்கு ஏரிகளின் சங்கிலி தெரிந்திருந்தது. வருவாய்த் துறையின் பதிவேட்டில்தான் சங்கிலி அறுந்தது. அங்கே ஏரி ஒரு சர்வே எண். வரத்துக்கால் இன்னொரு எண். நீர்பிடிப்பு மேடு யாருக்கோ பட்டா. களமும் மேய்ச்சலும் தனித்தனிப் புறம்போக்கு. ஒரே உடம்பின் உறுப்புகள் தனித்தனிக் கட்டங்களில் போய் உட்கார்ந்தன. கம்பெனியார் காலத்துக்கு முன்னால் விளைச்சலிலிருந்து ஏரிக்கும் நீர்க்கட்டிக்கும் பிரிந்துபோன பங்கு, வரியாகக் கஜானாவுக்குப் போனது. ஊர் கூடி ஏரியைப் பார்த்துக்கொண்ட குடிமராமத்து, 1858-இல் வராதவர்களிடம் பணம் வசூலிக்கும் சட்டமாக மாறியது.

இதற்கிடையில் சொல் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் டேங்க் என்பது திரவம் வைக்கும் பெரிய கொள்கலத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு நீராவி எஞ்சின், எண்ணெய், பெட்ரோல் என்று தொழில் யுகம் முழுக்க அதற்கு வேலை. முதல் உலகப்போரில் இன்னொரு திருப்பம். 1915-இல் பிரிட்டனில், லிங்கன் நகரத்து ஃபாஸ்டர் ஆலையில், அகழியைத் தாண்டும் கவச வண்டி ஒன்றை ரகசியமாகச் செய்தார்கள். என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று பதில். அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கு ஒரு மறைவுப் பெயர் தேடியபோது, தொட்டி, நீர்த்தேக்கம் என்ற பொருளுள்ள பல சொற்களைப் பரிசீலித்து, சுருக்கமாக இருக்கிறது என்று டேங்க்கைத் தேர்ந்தார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சோம் போர்க்களத்தில் டேங்க் முதன்முதலாகப் போரில் இறங்கியது. அந்தப் பொருளிலும் அது நம் பக்கத்துக்கே வந்து சேர்ந்தது: ஆவடி தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. குஜராத்து முற்றத்தில் மழைநீரைச் சேமித்த சொல்லுக்கு எத்தனை தொலைவு!

என் கவலை எங்கே என்று இப்போது சொல்கிறேன். கொள்கலம் என்ற பொருள் ஆங்கிலத்தில் முதன்மையாகிவிட்டது. அந்தப் பொருளோடு அது நம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் ஏரியைப் பார்க்கிறோம். காலியாக இருக்கும் தொட்டி பயன்படாத தொட்டி. கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரி, காலி மனை. மாடு மேய்ந்ததும், வண்டல் அடித்து வயலில் போட்டதும் நினைவுக்கு வருவதில்லை. 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரி தியாகராய நகரானது. நுங்கம்பாக்கத்தில் ஏரியே இல்லாமல் டேங்க் பண்ட் ரோடு மட்டும் இருக்கிறது. நகரம் தெற்கே நகர்ந்தது. தாம்பரத்தைச் சுற்றிச் சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், இரும்புலியூர், பீர்க்கன்காரணை என்று ஒவ்வோர் ஏரியும் வீடுகளின் நடுவே சிக்கிக்கொண்டது. தாம்பரத்தின் கடப்பேரி பகுதியில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் முகவரியில் ஓர் ஏரி இருப்பது உறைத்திருக்கும்?

ஏரிகளை அழித்தது சொல் என்று நான் சொல்லவில்லை. நிலத்தின் விலை அழித்தது, பேராசை அழித்தது. ஆனால் காக்க நினைக்கிறவர்களையும் அந்தச் சொல் வழிதவறச் செய்கிறது. நல்ல மனத்தோடு ஏரியைச் சீரமைக்கிறார்கள். ஆழமாகத் தோண்டுகிறார்கள். சுற்றிலும் கரை போட்டு நடைபாதை அமைக்கிறார்கள்; நாலாவது பக்கத்தையும் சேர்த்து. கம்பி வேலியும் பெஞ்சும் வந்துவிடுகின்றன. மழை வந்தால் மேட்டுத் தண்ணீர் நடைபாதையில் முட்டிக்கொண்டு தெருவுக்குத் திரும்புகிறது. உள்ளே ஏரி அரைகுறையாக, வெளியே முழங்கால் தண்ணீர். தாம்பரம் பக்கத்து மழைக்காலங்களில் இந்தக் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். நாலு பக்கமும் அடைத்தால் அது உண்மையிலேயே டேங்க் ஆகிவிடுகிறது, ஏரி போய்விடுகிறது.

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடியில் நின்றவர்களைப் படகில் மீட்டார்கள். அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியில் செம்பரம்பாக்கத்தின் பெயர் ஒலித்தது: கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு ஆழம் 24 அடி, எவ்வளவு திறந்தார்கள், எப்போது திறந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் முடிச்சூருக்கு வந்த தண்ணீர் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை. அந்த ஏரியின் மிகைநீர் முடிச்சூருக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரில் ஏறியது மணிமங்கலம், ஆதனூர், படப்பைப் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி போய் வந்த தண்ணீர். ஒற்றைத் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த நமக்கு, சங்கிலியில் வந்த தண்ணீர் கண்ணில் படவில்லை.

2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தமிழக அரசு மறுபடி எடுத்தபோது, தொடக்க விழா மணிமங்கலம் ஏரியில் நடந்தது. அந்தச் சொல் திரும்பி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பிறகு ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் அமைக்கும் பணியும் நம் பக்கத்தில்தான் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் பொதுப்பணித் துறையின் ஏரிகள் 900-க்கு மேல். எண்ணிக்கை பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. எந்த ஏரியின் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகும் என்ற அறிவு எங்கே இருக்கிறது? வயதான சிலரின் நினைவில் இருக்கிறது.

படப்பை என்ற சொல்லுக்குச் சங்க நூல்களில் தோட்டம், கொல்லை என்று பொருள். தண்ணீர் இல்லாமல் தோட்டம் ஏது? வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்குப் போகும் கனரக வண்டிகளுக்கு இரண்டு பக்கமும் அந்தத் தோட்டத்தின் மிச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு முன், ஒவ்வொருவரும் தங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். ஊரில் மடை திறந்த பழக்கமுள்ள பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கரை இல்லாத பக்கம் எது, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று கேளுங்கள். எத்தனை மதகு, ஒவ்வொன்றுக்கும் ஊரில் என்ன பெயர், கலங்கல் எங்கே, கோடி போனால் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகும், அந்த வாய்க்காலின் மேல் எந்தத் தெரு நிற்கிறது என்று கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லும் சொற்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். படப்பைக்கு மேலே உள்ள ஏரியில் தொடங்கி முடிச்சூர் வரை ஒவ்வொருவர் கொண்டுவந்ததையும் ஒரே வரைபடத்தில் சேர்ப்போம். அந்த வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்ட இடம் கேட்டுப் பெறுவது என் பொறுப்பு.